ஹனோயில் எனக்கு எடுத்த ஆரத்தி

நிவேதா, முகிலா, இந்த வாரம் நான் எழுதியிருப்பதை ரெண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் பாதியிலேயே ஹாலுக்குப் போய் அந்தப் படத்தைக் கழற்றிவிடுவீர்கள். முழுக்கப் படித்துவிட்டுக் கழற்றுங்கள்.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரணியில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தெரு. கூம்புத் தொப்பி வைத்த ஒரு அம்மா, கையில் எரிகிற காகிதத்தோடு நிற்கிறார். எதிரில் நான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அந்தத் தீயின் மேல் இரண்டு கையையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். முகத்தில் அப்படியொரு பக்தி.

"எங்கப்பாவுக்கு வியட்நாம்ல ஆரத்தி எடுத்தாங்க" என்று முகிலன் பள்ளிக்கூடத்தில் சொல்லப்போய், அவனுடைய தமிழ் ஐயா என்னை இலக்கிய மன்றத்தில் பேசக் கூப்பிட்டார். பத்தாவதோடு நிறுத்தியவனை மேடைக்குக் கூப்பிட்டால் விடுவேனா? போய்ப் பேசினேன். 'விருந்தோம்பல்' என்ற வார்த்தையை ஏழெட்டுத் தடவை சொன்னேன். துண்டு போர்த்தினார்கள்.

அது ஆரத்தி இல்லை. படத்தை மாட்டும்போதே எனக்குத் தெரியும்.

தமிழிலேயே சொல்லுங்க

போன வாரம் இஸ்தான்புல்லில் படகில் போனதை எழுதியிருந்தேன். எள் ஒட்டிய வளையல் ரொட்டியில் பாதியைக் கடல் பறவை பிடுங்கிக்கொண்டு போனதையும், மீதிப் பாதியை நான் தின்றதையும் படித்துவிட்டு உங்கம்மா, "பறவ வாய் வெச்சத தின்னதெல்லாம் ஊரு படிக்கணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு இந்த வாரத்தைக் காட்ட வேண்டாம். எப்படியும் படித்துவிடுவாள்.

பட்டுச் சேலையும் பட்டுச் சால்வையும் மூட்டை கட்டிக்கொண்டு நான் கண்காட்சி கண்காட்சியாகப் போன கதை உங்களுக்குத் தெரியும். ஸ்டாலுக்கும் டிக்கெட்டுக்கும் பாதி, ஏற்பாடு செய்கிறவர்கள் கொடுப்பார்கள். சாப்பாடு நம் பாடு. அதனால் நான் பார்த்த நகரத்தையெல்லாம் நடைபாதையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். பெரிய கட்டடங்களின் பெயர் கேட்டால் தெரியாது. எந்தக் கட்டடத்தின் நிழலில் எது சூடாகக் கிடைக்கும் என்று கேட்டால் சொல்வேன்.

சொல்வேனே தவிர, வாங்கத் தெரியாது. கோலாலம்பூரில் முதல் நாள் காலை, ரோட்டோரத்தில் ஒருவர் ரொட்டி மாவை வீசி வீசிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினேன். வாயைக் காட்டினேன். காரம் வேண்டாம் என்பதற்கு நாக்கை நீட்டிக் கையால் விசிறிக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, தமிழ்லயே சொல்லுங்க. பின்னாடி ஆளு நிக்குது" என்றார்.

அந்த ரொட்டியும் அதோடு தந்த பருப்புக் குழம்பும் இன்னும் நாக்கில் இருக்கின்றன. வெட்கமும் இருக்கிறது.

இது போதாதென்று எனக்கு ஒரு சட்டமும் உண்டு. உங்களுக்கும் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறேன்: முதல் கடையில் வாங்காதே. நாலு கடை பார், விலை கேள், பிறகு வா. நாலு கடை பார்ப்பதற்குள் முதல் கடையில் தீர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜினதாஸ் சாரின் சீட்டு

ஹனோய்க்குப் போனது கொரோனா முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து இருக்கும். வெயில் என்பதே இல்லாத ஒரு மாதம். மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல், நாள் முழுக்க. ஸ்வெட்டரும் ஈரம், பட்டு மூட்டையும் ஈரம்.

ஸ்டாலில் எனக்குக் கூட்டாளி ஜினதாஸ் சார். வெம்பாக்கம் பக்கத்துக் கிராமம். நம் பக்கத்து ஜைனர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி மகனின் சால்வை வியாபாரத்துக்காக வந்திருந்தார். இங்கிலீஷ் தெரியும் என்பதால் அவரோடு ஸ்டாலைப் பங்கு போட்டுக்கொண்டேன்.

கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார். 'பாவம், இந்த ஊரில் மனுஷன் பட்டினி கிடக்கப்போகிறார்' என்று நான் உங்கம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியில் அவருக்கும் ஒரு பங்கு வைத்திருந்தேன்.

பட்டினி கிடந்தது நான்தான்.

எங்களுக்குத் துணையாகக் கண்காட்சிக்காரர்கள் தந்த கல்லூரிப் பெண்ணின் பெயர் லான். முதல் வேலையாக ஜினதாஸ் சார் அவளிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கினார். 'இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு வேண்டாம். வேறு எது கொடுத்தாலும் சந்தோஷம்' என்று அவர்கள் மொழியில். அந்தச் சீட்டை எந்தத் தள்ளுவண்டியில் நீட்டினாலும், கடைக்காரம்மா சத்தமாகப் படிப்பார், சிரிப்பார், பக்கத்துக் கடைக்காரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்து இவருக்கு ஊட்டாத குறை. வறுத்த சோயாக் கட்டி, சுட்ட சோளம், வேர்க்கடலை தூவிய நூடுல்ஸ்.

எல்லாவற்றையும் தின்கிற நான் ஒவ்வொரு சட்டியிலும் எட்டிப் பார்த்து, இது எந்த மிருகமோ என்று யோசித்து, அறைக்குப் போய்ப் பருப்புப் பொடியை பிரெட்டில் தடவிக்கொண்டேன்.

"சேகரு, நீ தின்ன வந்தியா, சோதன போட வந்தியா?" என்றார் ஜினதாஸ் சார்.

ஐந்து கூடை

இரண்டாம் நாள் காலை. ஆறரை மணி இருக்கும். ஜினதாஸ் சார் எதிர்ச் சாரியில் செல்போனுக்கு சிம் வாங்கிக்கொண்டிருந்தார். தெருமுனையில், மரத்தடியில், ஒரு அம்மா அப்போதுதான் கூடைகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஐந்து மூங்கில் கூடைகள். ஒவ்வொன்றின் மேலும் தடிப்பான துணி, அதற்கு மேல் மூடி. இடுக்கில் ஆவி வந்தது. பச்சரிசியும் வாழையிலையும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. வயிறு கூப்பாடு போட்டது.

சோய் என்று அதற்குப் பெயர். ஒட்டுகிற அரிசியில் வேகவைத்த சோறு. காலைப் பலகாரம்.

முதல் கூடையைக் காட்டினேன். அவர் மூடியை எடுத்து, துணியை விலக்கினார். மஞ்சள் சோறு. தலையாட்டிவிட்டு அடுத்ததைக் காட்டினேன். சிவப்பு. அடுத்தது. வேர்க்கடலை போட்ட வெள்ளைச் சோறு. நாலாவது கறுப்பு, ஐந்தாவது பச்சை. மறுபடி முதலாவது. அவர் அதையும் திறந்தார். நான் ஒரு சோற்றை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். நூலில் முறுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உருக்கிய கொழுப்பு இருந்தது. முகர்ந்து பார்த்தேன். விலை கேட்டேன். அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். நோட்டில் இருந்த சைபர்களைப் பார்த்தே எனக்குத் தலை சுற்றியது. நம் காசுக்கு ஐம்பது ரூபாய்கூட வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் சட்டம் ஞாபகம் வந்தது. இதுதான் முதல் கடை. விரலை வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். 'சுத்திட்டு வரேன்' என்று அர்த்தம். பெரிய மனுஷன் மாதிரி ஒரு கும்பிடும் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பத்தடி போயிருப்பேன். கருகல் வாசனை. திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா ஒரு செய்தித்தாள் துண்டைக் கொளுத்தி, கூடைகளைச் சுற்றி வட்டமாகக் காட்டுகிறார். பிறகு நான் நின்ற இடத்தை நோக்கி. பிறகு என்னை நோக்கி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியூர்க்காரன் வந்ததற்கு என்ன மரியாதை! ஓடினேன். தீயின் மேல் இரண்டு கையையும் காட்டி, கண்ணில் ஒற்றி, மறுபடி காட்டி, நெற்றியிலும் ஒற்றிக்கொண்டேன். எதிர்ச் சாரியைப் பார்த்துக் கத்தினேன்: "சார், போட்டோ! ஜல்தி, ஜல்தி, அணைஞ்சிடப் போவுது!"

ஜினதாஸ் சார் ஒன்றும் புரியாமல் ஓடிவந்து எடுத்த படம்தான் அது. அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. தொப்பியின் நிழலில் இருக்கிறது. நான் பார்த்தேன். பரவசம் என்று நினைத்தேன்.

அதே நிமிஷம் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நிவேதா இதயமாக அனுப்பினாள். உங்கம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டாள்: "பாருங்க, எங்கயோ கீற ஊரு, நம்ம பழக்கம் அப்டியே கீது!"

அவள் சொன்னதுதான் சரி. எந்தப் பழக்கம் என்பதில்தான் தப்பு.

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அந்த வழியாக வந்தபோது அவர் இன்னும் மரத்தடியிலேயே இருந்தார். கூடைகளில் பாதிக்கு மேல் சோறு. ஆவி இல்லை. நான் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். அவர் தொப்பியை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா சார், வெக்கம்" என்றேன்.

நம் கடையில் நான்

நம் தெருவில் காலையில் கடை திறந்தால் முதல் வியாபாரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போணி நன்றாக ஆனால் அன்றைக்கு நாள் ஓடும். கெட்டால் அன்றைக்குத் தறியில் இழைகூட அறும் என்பது என் கட்சி. உங்கம்மா இதை நம்பமாட்டாள்.

ஒரு ஆவணி மாதம் போளூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண், அம்மா, இரண்டு அத்தை, ஒன்றுமே பேசாத ஒரு சித்தப்பா. கடை திறந்து பத்து நிமிஷம். நாற்பது சேலையைப் பிரித்தார்கள். முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்தார்கள், வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பெரிய அத்தை ஜரிகையை நகத்தால் சுரண்டினார். கடைசியில், "சுத்திட்டு வரோம்ங்க" என்று கிளம்பிவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? ஒரு கட்டி சூடத்தைக் கொளுத்தி, பிரித்துப் போட்ட சேலைகளைச் சுற்றிக் காட்டி, கல்லாவைச் சுற்றிக் காட்டி, வாசல் படியில் அவர்கள் போன திசையைப் பார்த்துப் போட்டேன்.

உங்கம்மா உள்ளேயிருந்து வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க இன்னும் தெரு முனகூட தாண்டல. திரும்பிப் பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"பாக்கட்டுமே. இதுங்களால நாளெல்லாம் பேஜாரு" என்றேன்.

இப்படி வருஷத்தில் பத்துத் தடவை சூடம் சுற்றுகிறவன் நான். அதையே எனக்கு ஒருவர் செய்தபோது, மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தும், எனக்கு அடையாளம் தெரியவில்லை.

லான் சிரித்த சிரிப்பு

சாயங்காலம் ஸ்டாலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். லானிடம் படத்தைக் காட்டினேன், பெருமையாக. அவள் பார்த்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

ஜினதாஸ் சார் விடுவாரா? இங்கிலீஷில் துருவித் துருவிக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சேகரு, அந்தம்மா உனக்கு ஆரத்தி எடுக்கலயாம்பா."

"பின்ன?"

"உன்ன கழிச்சிருக்குது. காலைல மொத ஆளு வந்து எல்லாத்தயும் கிண்டிட்டு வாங்காம போனா, அந்த ராசி அன்னிக்கு பூரா கடையில தங்கிடுமாம். அத வெரட்டத்தான் பேப்பர் கொளுத்தறது. நீ இன்னாடான்னா, வெரட்டுனத திரும்பி ஓடியாந்து கண்ணுல ஒத்திகினு, நெத்தியிலயும் ஒத்திகினு..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. வாத்தியார் சிரிப்பு, வகுப்பறை அதிர்கிற சிரிப்பு. பக்கத்து ஸ்டால்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூடைகள்தான் கண்ணில் நின்றன. நம் கடையில் போணி கெட்டால் சேலையை மடித்து வைத்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பட்டு ஊசிப்போகாது. சோறு? மூடியைத் திறக்கத் திறக்கச் சூடு போய்விடும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லையே. அன்று மதியம் கூடைகளில் மிஞ்சியிருந்த சோறு என்ன ஆகியிருக்கும்? அது தூறலால் மிஞ்சியதோ, என்னால் மிஞ்சியதோ, யார் கண்டது? சூடம் சுற்றுகிற எனக்கு, அது என்னால்தான்.

அதை எப்படியாவது சரிசெய்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு காலை.

வெளிச்சம் இருக்கும்போதே ஜினதாஸ் சாருக்குச் சாப்பாடு ஆக வேண்டும். சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூலில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்து அவர் சோளம் தின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு காலைல மொத ஆளா போறேன் சார். கேள்வியே கேக்காம அஞ்சு கூடையிலயும் வாங்கிடறேன்."

"உன்ன பாத்தா அந்தம்மா கூடைய தூக்கிகினு ஓடிடும். போணிக்கு துட்டு முக்கியமா, ஆளு முக்கியமா? நீயே சொல்லு. வியாபாரி நீ."

"ஆளுதான் சார்."

"அப்புறம்?"

அவர் சோளத்தில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினார்.

குரங்குக் குல்லா இல்லாமல்

அவர் சொன்னதைக் கேட்காமல் மறுநாள் காலை ஆறு மணிக்கே போனேன். அந்த அம்மா முதல் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே கையில் நோட்டை நீட்டியபடி நடந்தேன். இருபதடி தூரத்திலேயே பார்த்துவிட்டார். இறக்கின கூடையை மறுபடி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு கையை எனக்கு நேராக நீட்டி, ஆட்டை விரட்டுவது போல அசைத்தார். கோபம்கூட இல்லை. பயம்தான் தெரிந்தது.

அது என்னை உலுக்கிவிட்டது. என்னைப் பார்த்து ஒருத்தர் பயப்படுவதா! நம் வீட்டுப் பூனைகூடப் பயந்ததில்லை.

பின்வாங்கி எதிர்ச் சாரிக்கு வந்தேன். அங்கே ஒரு அம்மா டீ விற்றுக்கொண்டிருந்தார். அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிளாஸை நீட்டினார்.

அரை மணி நேரம். ஒருவரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. தூறல் வேறு. ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் வரும்போதும் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, அது தாண்டிப் போனதும் உட்கார்ந்தேன்.

சூரியனே இல்லாத ஊரில் சூரிய உதயம் பார்த்து, பிரார்த்தனையை முடித்துக்கொண்டு, ஜினதாஸ் சார் வந்து சேர்ந்தார். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், நீங்க போயி போணி பண்ணுங்க. உங்க கை ராசியான கை."

"நான் போட்டோ புடிச்சவன்பா. என்னயும் தெரியுமே."

"நேத்து குரங்குக் குல்லா போட்டிருந்தீங்க. கழட்டுங்க."

கழற்றினார். உள்ளே இருந்த வழுக்கை, அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே வெளிச்சம். அவரை அவருக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

"மூடிய தொறக்கச் சொல்லாதீங்க. வெல கேக்காதீங்க. இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காதீங்க."

"முப்பத்தஞ்சு வருஷம் பரீட்ச நடத்துனவன்டா நான். எனக்கே சொல்லித் தரியா?"

போனார். நேராக முதல் கூடையைக் காட்டினார். சீட்டை நீட்டினார். அந்த அம்மா படித்தார். முகம் மலர்ந்தது. கொழுப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மஞ்சள் சோற்றை இலையில் அள்ளி, பயத்தம்பருப்பு உருண்டையைக் கத்தியால் சீவிச் சீவி மேலே மழையாகக் கொட்டினார். இவர் பணத்தை நீட்டினார். அவர் வாங்கி மடியில் வைத்தார்.

போணி ஆயிற்று! டீக்கடை அம்மாவின் கையை நான் பிடித்துக் குலுக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். பாதி டீ கீழே கொட்டியது.

ஐந்து நிமிஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பிறகு பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். பிறகு அலுவலகம் போகிறவர்கள். அவர்கள் வழக்கமாக வருகிறவர்கள்தான், வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தார்கள் என்று ஜினதாஸ் சார் சொன்னார். அவர் கணக்கு வாத்தியார், அப்படித்தான் சொல்வார்.

நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்ற பிறகுதான் தைரியம் வந்தது.

என் முறை வந்தது. அவர் நிமிர்ந்தார். இலையை எடுக்கப் போன கை நின்றது. முதல் கூடையை ஒற்றை விரலால் காட்டினேன். பணத்தை நீட்டினேன். கொழுப்பு ஊற்றட்டுமா என்று கரண்டியைக் காட்டினார். ஊற்றுங்கள் என்று தலையாட்டினேன். எந்த மிருகம் என்று யோசிக்கவில்லை. மேலே வறுத்த வெங்காயத்தைத் தூவினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர் என்னவோ சொன்னார். வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நானும் சிரித்தேன். என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தால் போதாதா?

சுவரோரமாக நின்று தின்றோம். பிள்ளைகளே, அதை எப்படிச் சொல்வது? பொங்கலில் மிளகையும் நெய்யையும் எடுத்துவிட்டு, வேறொரு வீட்டு நியாயத்தில் திருப்பிச் செய்தது போல. சோறு பல்லில் ஒட்டி இழுக்கும். பருப்பு நாக்கில் பட்டதும் மாவாய்ப் போகும். நடுவில் வெங்காயம் மொறுமொறுவென்று உடையும். விரலெல்லாம் பிசுபிசுப்பு. இலையின் சூடு உள்ளங்கைக்கு இறங்கும். முந்தைய நாள் நாலு கடை சுற்றி நான் வாங்கித் தின்ற காய்ந்த பன்னை நினைத்துக்கொண்டேன்.

"எப்டி?" என்றார் ஜினதாஸ் சார்.

"மொத கடையிலயே வாங்கியிருக்கணும் சார்."

"இத உன் பசங்களுக்குச் சொல்லு" என்றார். இதோ, சொல்லிவிட்டேன்.

பத்து மணி

ஸ்டாலுக்குப் போனோம். அங்கே அன்றும் பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. ஒரு வயதான தம்பதி இரண்டு சால்வை வாங்கினார்கள், அவ்வளவுதான். எனக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை. முந்தின நாள் மதியம் வரை அவர் உட்கார்ந்திருந்தாரே, இன்றைக்கு என்ன ஆயிற்றோ. பத்து மணிக்கு ஜினதாஸ் சாரிடம் பாத்ரூம் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, தூறலில் நனைந்துகொண்டே ஓடினேன்.

தெருமுனையில் அவர் இல்லை. கூடைகள் இல்லை.

டீக்கடை அம்மா என்னைப் பார்த்துவிட்டார். கையால் ஒரு கூடையைக் கவிழ்த்துத் தட்டுவது போலக் காட்டினார். இரண்டு தட்டு. ஒரு பருக்கைகூட இல்லை என்பது போல உள்ளங்கையை விரித்தார். பிறகு அடுத்த ஆளுக்கு டீ ஊற்றத் திரும்பிக்கொண்டார்.

நான் மரத்தடிக்குப் போனேன். நடைபாதை முழுக்க நனைந்து பளபளத்தது. கூடைகள் இருந்த இடத்தில் மட்டும் ஐந்து காய்ந்த வட்டங்கள். இப்போதுதான் போயிருக்கிறார். தூறல் விழுந்து ஓரங்களிலிருந்து வட்டங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன.

ஸ்டாலுக்குத் திரும்பிப் போக அந்த மரத்தடிதான் நேர் வழி. நான் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கி, ஐந்தையும் மிதிக்காமல் சுற்றி நடந்து போனேன்.